ஆறிப்போன குண்டு

வெயில் தாழ்ந்து கடற்காற்று தெருவுக்குள் நுழையும் நேரத்தில் பினாங்கின் பாகான் டாலாமில் தேநீர் குடிப்பது தனிச் சுகம். போன சனிக்கிழமை அக்காள் மகன் வந்திருந்தான். துறைமுகத்தில் வேலை, வேலை முடிந்த கையோடு வந்தவன், தே தாரிக் மேசைக்கு வருவதற்கு முன்பே போனை என் முன்னால் நீட்டினான். எங்கோ அமெரிக்க மலைச்சரிவு. படுத்துக்கொண்டு ஒருவர் சுடுகிறார். எதிர்மலையில் நின்ற பெரிய மான் இரண்டடி வைத்துச் சுருண்டு விழுகிறது.

“எண்ணூறு மீட்டர் மாமா! அவ்ளோ தூரம் போயும் அந்தக் குண்டுக்கு எப்படி இவ்ளோ சக்தி?”

நல்ல கேள்விதான். ஆனால் அதில் உள்ள ‘சக்தி’ என்ற சொல்தான் எல்லோரையும் வழிதவற வைக்கிறது. குண்டு ஓர் அடி அடிக்கிறது, அந்த அடியில் மிருகம் சாய்கிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பத்து கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போய் 200 கிலோ கடமானின் உடம்பில் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தள்ளலில் மான் நகரும் வேகம் விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. அது நியாயம்தான். குண்டால் மானைத் தூக்கி எறிய முடியுமென்றால், அதே விசை துப்பாக்கியின் பின்கட்டை வழியாகச் சுட்டவனையும் தூக்கி எறிந்திருக்க வேண்டும். அவனுக்கோ தோளில் ஓர் இடிதான்.

மான் சாவது ஓட்டையால். நுரையீரலிலும் இதயத்திலும் விழும் ஓட்டை வழியாக ரத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, மிருகம் நினைவிழக்கிறது. அதற்குச் சில விநாடிகள் ஆகும். இதயத்தில் சரியாகப் பட்ட மான்கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடி விழுவது சாதாரணம். நின்ற இடத்திலேயே விழுந்தால் பெரும்பாலும் மூளையிலோ முதுகெலும்பிலோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: அவ்வளவு தூரம் போன குண்டு எங்கே படுகிறது, பட்ட இடத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போடுகிறது?

ஏழு மில்லிமீட்டர் குண்டு ஏழு மில்லிமீட்டர் ஓட்டைதான் போடும் என்றால் வேட்டைக்கு அது போதாது. அதனால் வேட்டைக் குண்டின் மூக்கை மென்மையாகச் செய்கிறார்கள். செம்பு உறைக்குள் ஈயம். நுனியில் ஈயம் வெளியே தெரியும், இல்லையென்றால் உள்ளே குழிவாக இருக்கும். உடம்பில் நுழைந்ததும் அந்த மூக்கு காளான் போல விரிந்து, குண்டின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். விரிந்த குண்டு போகும் பாதையும் அகலமாகிறது.

மூக்கை விரிப்பது எது என்று அவனைக் கேட்டேன். எலும்பு என்றான். எலும்பும் உதவும், ஆனால் முதல் வேலைக்காரன் தண்ணீர். சதையில் பெரும்பகுதி தண்ணீர்தானே. வேகமாக வரும் குண்டுக்கு வழிவிட அதற்கு நேரம் இருப்பதில்லை. மூக்கின் மேல் அழுத்தம் ஏறுகிறது. ஈயம் பின்னால் மடங்குகிறது. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் ஈயம் மடங்கவே மடங்காது. குண்டு பென்சில் மாதிரி உடம்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

அதற்குள் தே தாரிக் வந்தது. கடைக்காரர் ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கையை நீட்டி நீட்டி இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நுரைக்காக மட்டும் இழுப்பதில்லை; காற்றில் இழுக்க இழுக்கத் தேநீர் ஆறும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அடியில் இருக்கும் டின்பால் உடனே கலந்துவிடும். ஆறிப்போன தேநீரை ஊற்றிப் பாருங்கள், பால் அடியிலேயே படிந்து கிடக்கும். ஊற்றிய அளவு அதேதான், சூடுதான் இல்லை. குண்டும் அப்படித்தான். எடை குறையாமல் போய்ச் சேரும். வழியில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போவது வேகத்தை. மூக்கு விரிய வேண்டிய இடத்தில் அந்த வேகம் இல்லையென்றால் பால் கரையாத தேநீர்தான்.

கணக்கைச் சொன்னால்தான் அவன் நம்புவான். மேசையில் கிடந்த பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். காற்றை நன்றாகக் கிழிக்கும் கூர்மையான 7 மி.மீ. மேக்னம் குண்டு, எடை பத்து கிராமுக்குச் சற்று மேல். குழல் வாயில் சுமார் 900 மீட்டர் வேகம். 300 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 730. ஐந்நூறில் 620 அளவுக்கு இறங்கும். எண்ணூறில் 480, 490. ஆற்றல் இன்னும் வேகமாகக் கரைகிறது: 500 மீட்டரிலேயே பாதி போய்விடும், 800-இல் மிஞ்சுவது கால்பங்கு சொச்சம். வழக்கமான மென்மூக்குக் குண்டுகள் ஒழுங்காக விரிய விநாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது வேண்டும். அப்படியென்றால் 500 மீட்டரைத் தாண்டியதும் அது தன் எல்லைக்கு வந்துவிட்டது.

“அப்போ இந்த வீடியோவுல?”

அதற்கென்றே இன்னும் மென்மையான மூக்கு வைத்து, 400 மீட்டர் வேகத்திலும் விரியும்படி குண்டுகள் செய்கிறார்கள். அதிலும் ஒரு வினை இருக்கிறது. 480 மீட்டர் வேகத்தில் அழகாக விரியும் மூக்கு, ஐம்பது மீட்டர் பக்கத்தில் மிருகம் நின்றால் என்ன ஆகும்? 870 மீட்டர் வேகத்தில் போய்த் தோள் எலும்பில் மோதித் துண்டுதுண்டாகச் சிதறலாம். மேலே பெரிய காயம், உள்ளே நுரையீரல் வரை எதுவும் போய்ச் சேராது. மூக்கைக் கடினமாக்கினால் தூரத்தில் விரியாது. மென்மையாக்கினால் பக்கத்தில் சிதறும். குண்டு செய்கிறவர்கள் நூறு வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுவது இந்த ஒரு முடிச்சோடுதான்.

இந்தக் கதையில் நமக்குப் பழக்கமான ஊர் ஒன்றும் வருகிறது. கல்கத்தாவுக்குப் போன யாரையும் கேளுங்கள், விமான நிலையத்தை டம்டம் என்பார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படைக்குத் தோட்டா செய்த ஆயுதச்சாலை இருந்த இடம் அது. 1895-இல் சித்ரால் படையெடுப்பில் .303 ரைபிளின் முழு உறை போட்ட குண்டு ஆளைத் துளைத்துப் போகிறது, ஆனால் பாய்ந்து வருகிறவரை நிறுத்தவில்லை என்று சிப்பாய்கள் குறை சொன்னார்கள். டம்டம்மில் கேப்டன் பெர்ட்டி-கிளே மூக்கில் உறையைக் குறைத்து, ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டு செய்தார். காயம் அத்தனை கொடூரமாக இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 1899-இல் ஹேக் மாநாடு, உடம்பில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தது. வேட்டையிலோ நியாயம் தலைகீழ். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுகிறவர் மென்மூக்கு அல்லது குழிமூக்குக் குண்டுதான் போட வேண்டும் என்கிறது. மனிதனுக்குக் கொடுமை என்று தடுத்ததையே மானுக்கு இரக்கம் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இரண்டுமே சரியென்றுதான் எனக்குப் படுகிறது. சிப்பாய் காயத்தோடு பிழைத்து வீடு திரும்பலாம், மருத்துவமனை இருக்கிறது. காட்டில் காயம்பட்ட மிருகத்துக்கு எதுவும் இல்லை.

தூரத்தில் விரியவும் வேண்டும், பக்கத்தில் சிதறவும் கூடாது என்ற அந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தவர் ஜான் நாஸ்லர். 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடப் போனார். உடம்பெல்லாம் சேறு காய்ந்து அப்பிய கிடா. அவர் சுட்ட வேகமான குண்டுகள் அந்தச் சேற்றிலும் தோலிலும் பட்டுச் சிதறின, உள்ளே இறங்கவில்லை. ஊர் திரும்பி அவர் செய்த குண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஆங்கிலத்தின் ‘எச்’ எழுத்து தெரியும். செம்பு உறையின் நடுவே ஒரு சுவர். முன் அறையில் ஈயம், பின் அறையில் ஈயம். முன்பாதி விரிந்து கிழிந்தாலும் நடுச்சுவர் பின்பாதியைக் காக்கும். அது தொடர்ந்து உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. சிதறிய குண்டோடு சமாதானமாகிவிடாமல் ஒரு மனிதர் பட்டறையில் உட்கார்ந்து செய்த வேலை என்பதால் எனக்கு அந்தக் குண்டின் மேல் தனி மரியாதை உண்டு.

“சரி மாமா, குண்டு நல்லதா இருந்தா தூரம் பிரச்சினை இல்லைதானே?”

அங்கேதான் காற்றும் நேரமும் வருகின்றன. நம் பினாங்கு மாதிரி புழுக்கமான ஊரில் காற்று கனமாக இருக்கும், குண்டு சீக்கிரம் தளரும் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மை எதிர்மாறு. நீராவி, காற்றில் உள்ள நைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் விட லேசானது; ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்றே மெலிந்துதான் இருக்கும். அது சின்ன வித்தியாசம், விட்டுவிடலாம். பக்கவாட்டில் வீசும் காற்றை விட முடியாது. மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று, அதாவது கடை முன்னால் கட்டியிருக்கும் தோரணம் படபடக்கும் காற்று, நான் சொன்ன அதே குண்டை 500 மீட்டரில் அரை மீட்டர் தள்ளிவிடும். 800 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல். கடமானின் நெஞ்சுக்கூட்டில் உயிர் நிற்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. சுடுகிறவன் நிற்கும் சரிவில் ஒரு காற்று, நடுப் பள்ளத்தாக்கில் இன்னொன்று, மான் நிற்கும் மேட்டில் வேறொன்று. கருவி அளப்பது அவன் முகத்தில் படும் காற்றை மட்டும்.

இறக்கமும் அப்படியே. 800 மீட்டர் போவதற்குள் குண்டு குழல் நோக்கிய கோட்டிலிருந்து சுமார் ஆறு மீட்டர் கீழே விழுந்திருக்கும். தூரத்தை ஐம்பது மீட்டர் தப்பாக எண்ணினால் குண்டு அரை மீட்டருக்கு மேல் தாழ்ந்து படும். நெஞ்சுக்கு வைத்தது முன்னங்காலில் போய் முடியும். இன்று லேசர் தூரமானி வந்து இந்தத் தப்பு குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

எந்தக் கருவியாலும் தீராதது நேரம். விசை இழுத்து, குண்டு 800 மீட்டர் போய்ச் சேர ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது. ‘ஒண்ணு’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அதற்குள் மேய்ந்துகொண்டிருந்த மான் ஓர் எட்டு முன்னால் வைக்கலாம். ஓர் எட்டு என்றால் அரை மீட்டர், முக்கால் மீட்டர். சுட்டவன் கை நடுங்கவில்லை, காற்றுக் கணக்கு சரி, குண்டும் நல்ல குண்டு. ஆனாலும் நுரையீரலுக்குப் போனது வயிற்றில் இறங்கிவிட்டது. வயிற்றில் பட்ட மிருகம் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில் நடந்து திரிந்து சாகும். தடம் பார்க்கத் தெரிந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்தே சொல்வார்கள்: நுரை பொங்கும் வெளிர் சிவப்பு என்றால் நுரையீரல், கறுத்த சிவப்பு ஈரல், ரத்தத்தோடு பச்சையாகத் தழைக்கூழும் நாற்றமும் வந்தால் வயிறு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து சுட்டவன் அந்த இடத்துக்கு நடந்து போவதற்கே ஒரு மணி நேரம் ஆகும். எந்தப் புதரருகே மான் நின்றது என்பதே அங்கே போனால் மறந்துவிடும்.

தமிழ்நாட்டில் இப்படித் தூரத்திலிருந்து சுடும் பழக்கம் இருந்த இடம் நீலகிரி. பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டை வெள்ளைக்கார அதிகாரிகள் எதிர்ப்பாறையிலிருந்து சுட்டார்கள். எண்ணிக்கை சரிந்து, 1877-இல் அந்த வேட்டைக்காரர்களே கூடிச் சங்கம் அமைத்து, 1879-இல் நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் வர வேண்டியதாயிற்று. மலாயாவில் கதை வேறு. இங்கே காடு கண்ணை மறைக்கும். யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் இருபது, முப்பது தப்படிக்குள் நெருங்கித்தான் சுட வேண்டும். 1905-இல் யானை, செலாடாங் வேட்டை பற்றிப் புத்தகமே எழுதியவர் தியோடர் ஹப்பாக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பாக்கின் சகோதரர். அந்தப் பெரிய வேட்டைக்காரரே பிற்பாடு துப்பாக்கியை வைத்துவிட்டு, மிருகங்களுக்காகத் தோட்ட முதலாளிகளோடும் அரசாங்கத்தோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார். இன்று தாமான் நெகாரா என்று நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் காடு, 1930-களின் கடைசியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் தேசியப் பூங்காவானதில் அவர் பங்கு பெரிது. இன்று செலாடாங்கும் யானையும் புலியும் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவற்றைத் தொடவே கூடாது.

தவறிய குண்டு எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நேபாளத்திலும் குமாவோன் மலையிலுமாகச் சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது. 1907-இல் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தி வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கம் மேல்கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்புவரை உடைந்துபோயிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் அது தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது என்று அவர் எழுதினார். யாரோ ஒருவர், எந்த வருஷமோ, ஒரு குண்டைச் சுட்டுவிட்டு ‘தப்பிச்சிருச்சு’ என்று வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் புலிக்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி ரைபிளும் ஏழு மில்லிமீட்டர்தான், நான் பில்லில் கணக்குப் போட்ட குண்டின் அளவுதான். 1926 மே மாதம் மனிதரைத் தின்ற ருத்ரப்பிரயாக் சிறுத்தையை அவர் கொன்றதும் அந்த ரைபிளால்தான். மாமரத்தில் ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்து, சில தப்படி தூரத்தில்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். தேநீரில் ஏடு கட்டியிருந்தது.

“அப்போ எவ்ளோ தூரம்தான் சரி மாமா?”

அதற்கு ஒரே எண் கிடையாது. இரண்டு தூரங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, அந்தக் குண்டு விரியும் வேகத்தை இழக்காத தூரம். அது தோட்டாப் பெட்டி அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, சுடுகிறவனின் தூரம். ஒரு சாப்பாட்டுத் தட்டை நட்டு வைத்து, மூச்சு வாங்க மேடேறி, ஆறிய குழலோடு, ஒரே ஒரு குண்டு. அந்த முதல் குண்டு தட்டில் பட வேண்டும். இன்றைக்குப் பட்டால் போதாது; பத்து வேறு வேறு நாள்களில் பத்தும் பட வேண்டும். எந்தத் தூரத்தில் பத்தும் படுகிறதோ அதுதான் அவன் தூரம். இரண்டில் எது குறைவோ அதோடு நின்றுவிட வேண்டும். பெரும்பாலோருக்கு அது இருநூறு, முந்நூறு மீட்டரைத் தாண்டாது.

எங்கள் தாத்தாவுக்கு இந்த அட்டவணை எதுவும் தெரியாது. கூலிம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். காட்டுப்பன்றி இளங்கன்றுகளைத் தோண்டிப்போடும் காலத்தில் தோட்டத்து உரிமத் துப்பாக்கியோடு அவரைத்தான் அனுப்புவார்கள். பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கி, எஸ்ஜி ரவை, ஒரு தோட்டாவுக்கு எட்டொன்பது ஈய உருண்டை. ஒருநாள் அந்தி நேரம் அறுபது தப்படிக்கு அப்பால் ஒரு தனிப்பன்றி. சுட்டார். அந்தத் தூரத்தில் உருண்டைகள் ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகச் சிதறிவிடும். உருண்டை வடிவம் வேகத்தையும் சீக்கிரம் இழக்கும். பன்றி உறுமிக்கொண்டு ஓடிப்போயிற்று. இருட்டிவிட்டது. காலையில் தேடினார், ரத்தம் ஓடைவரை இருந்தது, அப்புறம் இல்லை. மூன்றாம் நாள் பால் மரம் வெட்டப் போன ஒரு பெண்மேல் அதே பன்றி ஓடைக்கரையில் பாய்ந்து தொடையைக் கிழித்தது. அந்த அம்மா பிழைத்தார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு காலைச் சாய்த்துத்தான் நடந்தார்கள். தாத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார். உள்ளே வரச்சொன்னாலும் போகமாட்டார்.

அதற்குப் பிறகு எங்கே காவல் உட்கார்ந்தாலும் முதலில் எழுந்து நடப்பார். முப்பது தப்படி எண்ணி, ஒரு வெள்ளைக் கம்பை நட்டுவிட்டு வருவார். சின்ன வயதில் இரண்டு முறை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை கம்புக்கு அந்தப் பக்கம், நாலைந்து தப்படி தள்ளி, ஒரு பெரிய கொம்பன் பன்றி நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நிலா வெளிச்சத்தில் அதன் பிடரி மயிர்கூடத் தெரிந்தது. தாத்தாவின் விரல் விசைக்கு வெளியே குழல்மேல் நீண்டு கிடந்தது. நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். பன்றி வெகுநேரம் அங்கேயே மேய்ந்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று.